தோற்றவனுக்கு ஒப்பட்டு

பஸ் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

போன வாரம் ஷெட்டுக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு ஷெட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பழகிய மாடு கட்டுத்தறிக்குத்தான் வரும். வந்த இடத்தில் ஒரு செய்தி காதில் விழுந்தது. உங்களில் ஒருவர் லைசென்ஸ் பரீட்சையில் தோற்றுவிட்டாராம். அன்றிலிருந்து இந்தப் பக்கமே தலை காட்டவில்லையாம். மாமனாரின் அரிசி மில்லில் போய் உட்காரப் போகிறாராம். தனக்கும் ஸ்டியரிங்குக்கும் ராசி இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ராசியாவது மண்ணாங்கட்டியாவது!

எனக்குக் கோபம் வந்தது. நான் முன்கோபக்காரன், அது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து ஒரு வாய்ச் சோறு இறங்கிய பிறகு கோபம் போய், என்னோடு கிளீனராக இருந்த மாரப்பன் ஞாபகம் வந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வண்டி ஓட்டுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித் தரப் போவதில்லை. உங்கள் வண்டிகள் பொத்தானை அமுக்கினால் கிளம்புகின்றன. எங்கள் வண்டிகளுக்கு முன்னால் நின்று கும்பிட்டுக் கெஞ்ச வேண்டும்.

அது யுத்த காலம். நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வழியாகச் சேலத்துக்கு ஓடிய ஒரு முதலாளியின் பஸ்ஸில் நான் டிரைவர். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டதால், வண்டியின் பின்பக்கம் பெரிய அடுப்பு ஒன்றைக் கட்டி, கரியை எரித்து, அதில் வரும் வாயுவைக் கொண்டு ஓட்டினோம். ஜனங்கள் அதற்குக் கரி பஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த அடுப்பைக் கிண்டி, ஊதி, முகமெல்லாம் கரியாகி நிற்பவன் மாரப்பன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தைக்கு அப்பன். வாயைத் திறந்து அதிகம் பேச மாட்டான்.

அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் உச்சி வெயிலில் ஷெட்டே தூங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். பக்கத்து வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்து, இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவில், ஊசியில் நூல் கோத்தது போல நுழைந்து நின்றது. இறங்கியது மாரப்பன். பிறகு அதே வண்டியை ஷெட்டு வாசல் மேட்டில் ஏற்றி நிறுத்தி, பின் சக்கரத்துக்குப் பின்னால் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தான்.

ஆயுத பூசையன்று சக்கரத்துக்கு முன்னால் பழம் வைத்து நசுக்குவது உங்களுக்கும் தெரியும். எங்கள் ஷெட்டில் இன்னொரு பழக்கம் இருந்தது. லைசென்ஸ் பரீட்சைக்குப் போகிறவன், மேட்டில் நிறுத்திய வண்டியை, அது பின்னால் உருண்டு சக்கரத்தை ஒட்டி வைத்த பழம் நசுங்காமல், முன்னால் எடுக்க வேண்டும். ஏனென்றால் அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகும் ரோட்டு ஏற்றத்தில் வைத்துத்தான் போலீஸ் அதிகாரி பரீட்சை நடத்துவார். அவர் அங்கே தம்முடைய தீப்பெட்டியை வைப்பார். பெட்டி நசுங்கினால் கோட்டு. தோற்றுப்போவதை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வோம்.

மாரப்பன் வண்டியை எடுத்தான். பழம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. நான் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்து, "அடேய், நீ எப்போடா பரீட்சைக்குப் போகப் போறே?" என்றேன். திருட்டில் அகப்பட்டவன் போல முழித்தான்.

"அடுத்த மாசம் போலாமுங்ணா."

அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை ஒறம்பரைச் சொந்தம் ஒருவர் வீட்டில் காதுகுத்து, இன்னொரு தடவை சகுனம் சரியில்லை. நச்சரித்தால் இரண்டில் ஒரு பதில் வரும். மனசு சோர்ந்திருந்தால், "கிளீனராவே இருந்துட்டுப் போறேனுங்ணா, இதுக்கென்ன கொறச்சல்?" என்பான். உற்சாகமாக இருந்தால், "ஓட்டுனா மலைக்கு ஓட்டோணுமுங்ணா. ஏற்காட்டு வளைவுல ராத்திரி மழையில ஓட்டோணும். இந்த நாமக்கல் ரோட்டுல ஆரு வேணும்னாலும் ஓட்டுவாங்க" என்பான். கிளீனர் வேலைக்கும் ஏற்காட்டு மலைக்கும் நடுவில் ஒரு லைசென்ஸ் இருக்கிறது என்பதை மட்டும் பேசவே மாட்டான்.

எங்கள் ஷெட்டில் ஒரு மோட்டார் மேஸ்திரி இருந்தார். சேலம் டவுனைச் சேர்ந்த பாய். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்வார். அவரிடம், "இவன் ஒரு நாள் தரையில ஊர்றான், ஒரு நாள் வானத்துல பறக்குறான், என்ன பாய் இது?" என்று புலம்பினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கோயில் நோம்பிக்கு உங்க ஊர்ல எளவட்டக்கல்லு தூக்குவாங்கல்ல தம்பி? பயந்தவன் எந்தக் கல்லுகிட்டப் போறான்னு பாத்திருக்கியா? ஒண்ணு, சின்னக் கல்லைத் தூக்குவான். அதுல தோக்க மாட்டான். இல்லாட்டி, யாருமே தூக்காத பெரிய கல்லுக்குப் போவான். அது அசையலைன்னா யார் சிரிக்கப்போறா? நடுக்கல்லுதாம்ப்பா பொல்லாதது. தூக்குனாத் தூக்கலாம், விட்டா விட்டுடலாம். அதுகிட்டப் போனாத்தான் நம்ம பலம் என்னன்னு ஊருக்குத் தெரிஞ்சிடும்."

எனக்கு அது அப்போது முழுசாக விளங்கவில்லை. ஏனென்றால் நான் நடுக்கல்லை இரண்டு தடவை காலில் போட்டுக்கொண்டவன். முதல் பரீட்சையில் கையைக் காட்ட மறந்து திரும்பினேன். இரண்டாவதில் தீப்பெட்டியைத் தட்டையாக்கினேன். ஷெட்டில் எனக்குக் கோட்டண்ணன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு வலிக்காமல் இல்லை. ஆனால் தோற்று வந்த அன்று என் அம்மா, "வந்து உண்ணுடா சாமி, காஞ்ச வயித்தோட ரோசனை பண்ணாதே" என்று மட்டும்தான் சொன்னாள். உண்டு முடித்ததும், அடுத்த தடவை அந்த அதிகாரியின் தீப்பெட்டியை ஒரு கை பார்ப்பது என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள், சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஜருகுமலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. பனமரத்துப்பட்டிக்குப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் ஓர் ஓடை குறுக்கிடும். பாலம் கிடையாது, தண்ணீருக்குள்ளேயே இறங்கி ஏற வேண்டும். நாங்கள் இறங்கும்போது கணுக்காலளவு தண்ணீர். சரியாக நடுவில் இன்ஜின் நின்றுவிட்டது. மலையில் பெய்த மழை அப்போதுதான் கீழே வர ஆரம்பித்தது. தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்தேன். வண்டிக்குள் பெண்களும் பிள்ளைகளும் நிறைய.

மாரப்பன் பின்னால் கரி அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். காத்திருக்க நேரமில்லை என்று நானே முன்னால் போய், இன்ஜினைக் கிளப்பும் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அவசரத்தில் கட்டைவிரலைச் சுற்றிவிட்டேன். ஹேண்டில் திருப்பி அடித்தது. மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

மாரப்பன் ஓடி வந்து என் கையைப் பார்த்தான். ஹேண்டிலைப் பிடுங்கிச் சுற்றினான். இன்ஜின் உறுமியது.

"ஏறுடா" என்றேன்.

"நானுங்களா?"

"பின்னே, நானா? கை தொங்குது பாரு!"

ஏறினான். முழங்காலளவு வந்துவிட்ட தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வண்டி நகர்ந்தது. கரை ஏறும் சரிவில் பாதி தூரம் போயிருப்போம். எதிரே மிரண்டுபோன காளைகளோடு ஒரு வண்டி குறுக்கே நின்றது. நிறுத்தித்தான் ஆக வேண்டும். பின்னால் ஓடை. சரிவோ சேறு. காளைகளை ஒதுக்கும் வரை நிறுத்திப் பிடித்திருந்து, பிறகு எடுத்தான் பாருங்கள், வண்டி ஒரு விரற்கடை கூடப் பின்வாங்கவில்லை. பின் சீட்டில் ஓர் அம்மாள் மடியில் மோர்ச் சொம்பு வைத்திருந்தாள். அது தளும்பவில்லை என்று அவளே எல்லோரிடமும் சொன்னாள். அப்படியே சேலம் ஆஸ்பத்திரி வாசல் வரை என்னைக் கொண்டுபோய் இறக்கினான்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் நன்றாக இருக்கும், இல்லையா? ஆபத்து வந்தது, அச்சம் போனது, அடுத்த நாளே லைசென்ஸ் வாங்கினான் என்று எழுதிவிடலாம். நடந்தது அதுவல்ல.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஷெட்டில் எல்லோரையும் கூட்டி, மாரப்பன் கழுத்தில் மாலை போட்டார். "இவனுக்கெல்லாம் பரீட்சை ஒரு கேடா? மொதத் தாட்டியிலேயே தேறிருவான், நான் எழுதித் தாரேன்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மாரப்பன் முகம் மட்டும் சுண்டிப்போய்விட்டது. நான் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலாளியே பரீட்சைக்கு நாள் வாங்கிக் கொடுத்தார். அந்த நாளில் மாரப்பன் வரவில்லை. வயிற்றுவலி என்று ஆள் விட்டிருந்தான். அடுத்த நாளும் வேலைக்கு வரவில்லை. ஊரைவிட்டே போய், பள்ளிபாளையத்தில் மச்சானோடு தறிக்குப் போகப் போகிறான் என்று பேச்சு அடிபட்டது. கையைத் தூளியில் கட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த அவன் வீட்டுக்கு நான் புறப்பட்டேன். போகிற வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன்.

வாசலில் உட்கார்ந்திருந்தான். வயிற்றுவலியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஏண்டா, ஓடை வெள்ளத்துல நிறுத்தி எடுத்தவன் ஒரு தீப்பெட்டிக்கு ஓடி ஒளியறயா?"

நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்: "ஓடையில தோத்திருந்தா என்னை ஆருங்ணா பேசியிருப்பாங்க? லைசென்ஸ் இல்லாதவன், பாவம், ஆனதைப் பாத்தான்னு உட்டிருப்பாங்க. இப்பத் தோத்தா? மாலையப் போட்டுட்டாங்களேங்ணா."

சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் எங்கோ போய்விட்டன. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவனுக்குத் தைரியம் கொடுத்ததாக நினைத்தோம். நாங்கள் கொடுத்தது கெடுத்துக்கொள்வதற்கு ஒரு நல்ல பெயர். இழப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது வெள்ளத்தில் இறங்கியவனுக்கு, இழக்க ஒன்று வந்ததும் வாசற்படி தாண்டவே கால் வரவில்லை.

அவன் ஆட்டை அவிழ்த்துக் கட்டப் பின்பக்கம் போனபோது, அவன் மனைவி பாவாயி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணா, நீங்க அவரை ஏசாதீங்க. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல ஒரு தாட்டி கோட்டடிச்சுட்டாராமுங்க. எங்க மாமனாரு, தோத்துட்டு வந்தவனுக்குச் சோறு கெடையாதுன்னுட்டாராமா. ஊட்டுல எல்லாரும் வட்டமா உக்காந்து உண்டாங்களாமா. இவரு செவுத்துல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டே இருந்தாராமா. இன்னைக்கு வரைக்கும் நாலு பேரு உக்காந்து சோறு உங்கற எடத்துல இவரு மொதல்ல வந்து உக்கார மாட்டாருங்க. நீங்க பாத்திருப்பீங்களே?"

பார்த்திருக்கிறேன். ராசிபுரத்தில் ஓட்டலுக்குப் போனால் நாங்கள் உண்டு முடிக்கும்வரை வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்பான். அடக்கமான பையன் என்று அதைப் பற்றிப் பெருமையாகக்கூடப் பேசியிருக்கிறேன். மோரைக் கீழே வைத்தேன்.

மாரப்பன் திரும்பி வந்தான். பாவாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே நின்றாள்.

"ஏனுங்க, இந்தத் தாட்டி போங்க. தேறிட்டு வந்தீங்கன்னா எப்பவும் போலக் களியும் கீரையுந்தான். தோத்துட்டு வந்தீங்கன்னா ஒப்பட்டு சுட்டுப் போடறேன்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்கென்ன பைத்தியமா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. அவங்க சிரிச்சுட்டு இருக்கறப்ப நீங்க தின்னுட்டு இருப்பீங்க."

ஒப்பட்டு என்றால் பருப்பும் வெல்லமும் வைத்துச் சுடும் போளி, எங்கள் பக்கம் விசேஷ நாளில்தான் சுடுவார்கள். யுத்த காலத்தில் அதற்கு மாவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். ஆனால் அவன் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். அடுத்துக் கிடைத்த பரீட்சை நாளில் அவனே வந்து, "போலாமுங்ணா" என்றான்.

அஸ்தம்பட்டியில் காலை நேரம். கையைக் காட்டுவது, திரும்புவது, பின்னால் எடுப்பது எல்லாம் கச்சிதம். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். பிறகு ஏற்றம். நிறுத்தச் சொல்லி, தீப்பெட்டியைப் பின்னால் வைத்தார். நான் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி ஒரு உதறு உதறியது. பின்னால் வந்தது. தீப்பெட்டி நசுங்கியது.

அதிகாரி திட்டவில்லை. பெட்டியை எடுத்துக் காட்டிவிட்டு, இன்னொரு நாள் வரச் சொல்லிப் போய்விட்டார்.

மாரப்பன் இறங்கி மைல்கல்லின் மேல் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஓடையிலேயே ஒரு விரற்கடை நகராத வண்டி இங்கே எப்படி நகர்ந்தது என்று கேட்க வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். இந்த மனிதன் இனி ஸ்டியரிங்கைத் தொடப்போவதில்லை, பள்ளிபாளையத்துக்கு வண்டி ஏறிவிடுவான் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்:

"அண்ணா, அவ நெசமாலுமே சுட்டிருப்பாளா?"

சுட்டிருந்தாள். அவன் வீட்டுச் சந்து முனையிலேயே வெல்லமும் நெய்யும் மணத்தது. மாவை எங்கே பிடித்தாளோ, யாரிடம் கெஞ்சினாளோ, அந்த மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம். பாவாயி அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. இலையைப் போட்டாள்.

"வாங்க, உக்காருங்க."

மாரப்பன் என்னைப் பார்த்தான். பழக்கம் விடுமா? நான் முதலில் உட்காரட்டும் என்று நின்றான். நான் அசையவில்லை. கையைக் கட்டிக்கொள்ளலாம் என்றால் ஒரு கைதான் இருந்தது, அதனால் சும்மா நின்றேன். கடைசியில் அவன் உட்கார்ந்தான். முதல் ஒப்பட்டைத் தலை குனிந்தபடி தின்றான். இரண்டாவதை மெதுவாகத் தின்றான். மூன்றாவதை வைக்கும்போது அவன் கண்ணிலிருந்து நீர் இலையில் சொட்டியது. நிறுத்தாமல் தின்றுகொண்டே அழுதான். பாவாயி இன்னும் கொஞ்சம் நெய் விட்டாள். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? கை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும்போது அவளிடம் கேட்டேன். "ஏம்மா, ஒருவேளை தேறி வந்திருந்தா இத்தனையும் என்ன பண்ணியிருப்பே?"

"கொளந்தைக்கும் பக்கத்து ஊட்டுக்கும் குடுத்திருப்பனுங்க. இவருக்கு ஒரு விள்ளல் குடுத்திருக்க மாட்டேன். சொன்னாச் சொன்னதுதானுங்களே."

மறுநாள் மாரப்பன் ஷெட்டுக்கு வந்தான். யாரும் கேட்பதற்கு முன்னால், "நானும் கோட்டுங்கோ!" என்று சத்தமாகச் சொன்னான். சிரித்தார்கள். அவனும் சிரித்தான். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தார், பிறகு அவருக்கும் வேறு கவலை வந்துவிட்டது. மேஸ்திரி பாய் மட்டும் தட்டிக்கொண்டிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு மாரப்பன் உச்சி வெயிலில் ஒளிந்து ஓட்டவில்லை. நாங்கள் எல்லோரும் பார்க்கும்போதே மேட்டில் நிறுத்தி எடுத்தான். பழம் சில நாள் நசுங்கும், சில நாள் தப்பும். நசுங்கிய பழத்தை எடுத்துப்போய் ஊறுகாய் போடச் சொல்லிப் பாவாயியிடம் கொடுப்பான்.

அடுத்த பரீட்சையில் தேறினான். அன்று வீட்டில் களியும் கீரையும்தான். கொஞ்ச காலம் கழித்து அவன் சொன்ன ஏற்காட்டு வளைவுகளிலும் ஓட்டினான். அந்த மலை எப்போதும் அங்கேதான் இருந்தது.

பின்னாளில் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, "எனக்கு இதுவே போதும்" என்கிறவனையும் "மலையைப் புரட்டிக் காட்டுகிறேன்" என்கிறவனையும் நான் ஒரே மாதிரிதான் பார்த்தேன். இரண்டு பேரையும் தனியாக அழைத்து, சின்ன வயதில் தோற்றுப்போய் வீட்டுக்கு வந்தால் உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் பேசாமல் இருப்பார்கள். பேசாமல் இருப்பவர்களை என் பக்கத்து சீட்டில் வைத்துக்கொள்வேன். அவர்கள் வண்டியை உரசினால், இறங்கிப் பார்த்துவிட்டு, முதலில் டீ வாங்கிக் கொடுப்பேன். திட்டுவதை அப்புறம் திட்டுவேன். என் குணத்துக்கு அதற்கு மேல் முடியவில்லை.

தம்பிகளே, வராமல் இருக்கிறாரே அந்தத் தம்பி, அவர் வீட்டுக்கு உங்களில் யாராவது போங்கள். தைரியம் சொல்ல வேண்டாம். அடுத்த தடவை நிச்சயம் தேறிவிடுவாய் என்று மாலை போடாத குறையாகப் பேசவும் வேண்டாம். மாரப்பனுக்கும் இப்போது வேலை ஓய்ந்துவிட்டது, அதே வீட்டில்தான் இருக்கிறான். நேற்றுப் போய் விஷயத்தைச் சொன்னேன். பாவாயி எழுந்து பருப்பு டப்பாவைத் திறந்து பார்த்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தத் தம்பியை அழைத்து வரச் சொல்லியிருக்கிறாள்.

துணைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நில்லுங்கள். தேறியவர்களுக்கு அங்கே இலை கிடையாது.